அலைக்குள் ஃப்ரீஸ்டைல் ஜெட் ஸ்கி: பலரும் செய்யும் தவறுகள்

ஃப்ரீஸ்டைல் என்பது ஜெட் ஸ்கியில் தாவியும் சுழன்றும் வித்தை செய்வது. நின்றுகொண்டு ஓட்டும் ஜெட் ஸ்கியை ஏரியில் நன்றாக ஓட்டிப் பழகியவர்கள் முதல்முறை கடல் அலைக்குள் போய்வந்து சொல்லும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "வண்டி சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்குது." மூக்கு தானாகத் தூக்குகிறது. ஹேண்டிலைத் திருப்பினால் திரும்ப மறுக்கிறது. த்ராட்டிலை (வேகம் கூட்டும் விரல்பிடி) முழுக்க அழுத்தினால் இன்ஜின் கத்துகிறதே தவிர வண்டி நகரக் காணோம். உடனே பம்பின் மேல் சந்தேகம் வரும், இம்பெல்லரை (பம்புக்குள் சுற்றித் தண்ணீரைப் பின்னால் தள்ளும் விசிறி) மாற்றுவார்கள், சிலர் இன்ஜினையே பெரிதாக்குவார்கள். பெரும்பாலும் வண்டியில் கோளாறு எதுவும் இருக்காது. அலையில்லாத தண்ணீரில் கைக்கு வந்த பழக்கங்களை அப்படியே அலைக்குள் கொண்டுபோனதுதான் பிரச்சினை.

சில தவறுகள் வண்டி வாங்கும்போதே தொடங்கிவிடுகின்றன. பெரிய அலைக்குப் பெரிய இன்ஜின் வேண்டும் என்று நினைப்பது அதில் முக்கியமானது. 2017இல் வந்த கவாஸாகி எஸ்எக்ஸ்-ஆரில் 1,498 சிசி இன்ஜின் இருக்கிறது. எடை 250 கிலோ. நேர்கோட்டில் அசராமல் பாயும் வண்டி அது. ஆனால் அலை முகட்டிலிருந்து அதைக் காற்றில் தூக்கி, திருப்பி, மறுபடி தண்ணீரில் வைப்பது வேறு வேலை. யமஹா சூப்பர்ஜெட்டின் பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டியில் 701 சிசிதான். நீளம் சுமார் 2.24 மீட்டர், எடை 140 கிலோவுக்குள். 2021இல் அதன் இடத்துக்கு வந்த ஃபோர்-ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட் சுமார் 170 கிலோ. அலையில் விளையாடுகிறவர்கள் பழைய டூ-ஸ்ட்ரோக்கை இன்னும் தேடிப் பிடித்து வாங்குவதற்கு இந்த எடை ஒரு முக்கியக் காரணம். இன்னொன்றும் உண்டு: அலையில்லாத தண்ணீரில் பேக்ஃப்ளிப் (பின்பக்கமாகத் தலைகீழாகச் சுழல்வது) அடிக்க வண்டியை மேலே தூக்கும் வேலை முழுவதையும் இன்ஜினே செய்ய வேண்டும். கடலில் அதில் பாதியை அலை செய்து கொடுத்துவிடும். அதனால் என்னைக் கேட்டால், இன்ஜினுக்குக் கொட்டுகிற பணத்தை முதல் வருடம் பெட்ரோலுக்குச் செலவழிப்பது மேல்.

ஃப்ரீஸ்டைலுக்கென்றே செய்யும் ஹல் (வண்டியின் உடல்), கம்பெனியிலிருந்து வரும் வண்டியைவிடக் குட்டையாக, கார்பன் ஃபைபரில் இலேசாக இருக்கும். மூக்குப் பகுதி நன்றாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அலையின் அடிவாரத்தில் மூக்கு புதையாமல் மேலே ஏறவும், வாலை மையமாக வைத்துச் சட்டென்று சுழலவும்தான் அந்த அமைப்பு. அதே காரணத்தால் சிற்றலைகள் மேல் நேராக ஓட்டினால் மூக்கு மேலும் கீழுமாகக் குதித்துக்கொண்டே இருக்கும். இதைக் கோளாறு என்று நினைத்து நாசிலின் (தண்ணீரைப் பீய்ச்சும் பின்பக்கக் குழல்) கோணத்தையும் அடித்தட்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. நேராக ஓடுவதற்காகச் செய்த ஹல் அல்ல அது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, முழங்காலை மடக்கி, எடையை முன்காலுக்குக் கொண்டுவந்தால் குதிப்பு பெருமளவு அடங்கிவிடும்.

த்ராட்டில்: விடுவதும் தவறு, அமுக்குவதும் தவறு

ஜெட் ஸ்கிக்குச் சுக்கான் கிடையாது. பின்னால் பீய்ச்சும் தண்ணீரை நாசில் எந்தப் பக்கம் திருப்புகிறதோ அதை வைத்துத்தான் வண்டி திரும்பும். தண்ணீர் பீய்ச்சவில்லை என்றால் ஹேண்டிலை எவ்வளவு திருப்பினாலும் வண்டி போன திசையிலேயே போகும். ஓட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும். ஆனால் தலைக்கு மேல் ஒரு அலை எழும்பி நிற்கும்போது விரல் தானாகவே த்ராட்டிலை விட்டுவிடுகிறது. அந்த நொடியில் வண்டி பக்கவாட்டில் திரும்பிக்கொள்கிறது, அலை அதை உருட்டிவிடுகிறது. பயம் வந்தால் விரலைப் பாதியில் நிறுத்தலாம், முழுக்க விடக்கூடாது. திருப்புவதற்கு வேண்டிய அளவு உந்துதல் எப்போதும் இருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு நுரைக்குள் நடக்கிறது. உடைந்த அலையின் வெள்ளை நுரை என்பது தண்ணீரும் காற்றும் கலந்த கலவை. அதற்குள் போனதும் பம்ப் காற்றை விழுங்க ஆரம்பிக்கிறது. இம்பெல்லர் சும்மா சுற்றுகிறது, இன்ஜின் சத்தம் கிறீச்சென்று மேலே ஏறுகிறது, உந்துதல் மட்டும் இல்லை. பழகாதவர் இன்னும் அமுக்குவார். அடுத்த கணம் நுரையைத் தாண்டி நல்ல தண்ணீர் பம்புக்குள் நுழைகிறது. முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் இம்பெல்லர் அதைக் கப்பென்று பிடிக்கிறது. வண்டி கையைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்துவிடும், ஓட்டியவர் பின்னால் மிதப்பார்.

நுரைக்குள் போவதற்கு முன்பே வேகத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நுரை வண்டியைத் தொடுவதற்குச் சற்று முன்பு எடையைப் பின்காலுக்கு மாற்றி, ஹேண்டில் கம்பத்தை இழுத்து மூக்கைத் தூக்குங்கள். நுரையைச் சரியாக நேருக்கு நேர் சந்தியுங்கள்; சாய்வாகப் போனால் பக்கவாட்டில் தள்ளிவிடும். உள்ளே இருக்கும்போது பாதி த்ராட்டில் போதும். காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள்: சத்தம் ஏறி உந்துதல் இல்லையென்றால் பம்பில் காற்று இருக்கிறது. கொஞ்சம் விடுங்கள், சத்தம் கனத்து இறங்கும். பிடி கிடைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம், அப்புறம் அமுக்கலாம். பம்ப் தண்ணீரை உறிஞ்சும் வாயில், மேல்வரிசைத் தடுப்புக் கம்பிகளோடு வரும் வலையைப் பொருத்தினால் அலையில் பம்புக்குத் தண்ணீர் கிடைப்பது கொஞ்சம் மேம்படும். ஆனால் விரல் பழகாமல் எந்த வலையும் உதவாது.

கடலைப் பார்க்காமல் இறங்குவது

வண்டியை இறக்கிய கையோடு உள்ளே பாய்கிறவர்கள்தான் அதிகம். கால் மணி நேரம் கரையில் நின்று பார்த்தால் பாதித் தொல்லை தீரும். பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டமாக வரும், அப்புறம் கொஞ்ச நேரம் கடல் ஓய்ந்திருக்கும். வெளியே போக வேண்டிய நேரம் அந்த ஓய்வுதான்.

இன்னொன்றையும் அந்தக் கால் மணி நேரத்தில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அலையின் உயரத்தைப்போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழம் வரும் இடத்தில் அது உடையும். ஒரு மீட்டர் அலை உடைகிற இடத்தில் தண்ணீர் சுமார் 1.3 மீட்டர்தான் ஆழம். சுற்றிலும் கடல் விரிந்து கிடப்பதால் ஆழமாகத் தோன்றும். உண்மையில் நெஞ்சளவுத் தண்ணீர், அதற்குக் கீழே கெட்டி மணல். தலைகீழாக விழுந்தால் கழுத்து அந்த மணலில்தான் மோதும். பேக்ஃப்ளிப் பழகத் தொடங்குகிறவர்கள் கரையோரத்தில் திடீரென்று மடிந்து விழும் அலையை விட்டுவிட்டு, தள்ளி, ஆழமான இடத்தில் எழும்பும் அலையைத் தேட வேண்டும். ஹெல்மெட்டும் அடிதாங்கும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருப்பதால் இந்த விதி மாறிவிடாது.

அலை அதிகம் உடையாமல் இருண்டு தெரியும் பாதை ஒன்று பல கடற்கரைகளில் இருக்கும். கரையில் சேரும் தண்ணீர் திரும்பக் கடலுக்கு ஓடும் வழி அது. வெளியே போகச் சுலபமாக இருப்பதால் வண்டிக்காரர்கள் அதை விரும்புவார்கள். நீந்துகிறவர்கள் மாட்டிக்கொண்டு இழுபடுவதும் அதே பாதையில்தான் என்பது மறந்துபோகிறது. ஆள் தலை ஒன்று தெரிந்தாலும் அந்த வழி வேண்டாம்.

இறக்கும்போது செய்யும் தவறு இரண்டு. முழங்காலளவுத் தண்ணீரில் ஸ்டார்ட் செய்தால் பம்ப் மணலையும் சிப்பியையும் உறிஞ்சி, இம்பெல்லரின் ஓரத்தைத் தேய்த்துவிடும். இடுப்பளவு வரும்வரை தள்ளிக்கொண்டு போங்கள். அதைவிட ஆபத்தானது வண்டிக்கும் கரைக்கும் நடுவே நிற்பது. அலை தூக்கியெறியும் 140 கிலோவைக் கையால் நிறுத்த முடியாது. மூக்கு கடலைப் பார்த்தபடி இருக்க, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். வண்டி குறுக்காகத் திரும்பினால் கடல் பக்கமாக மாறிக்கொள்ளுங்கள். அதற்கும் நேரம் இல்லையென்றால் விட்டுவிட்டு விலகுங்கள்.

தாவலும் தரையிறக்கமும்

தாவுவதற்கு வேகம்தான் முக்கியம் என்று நினைத்து நெடுந்தூரத்திலிருந்தே முழு த்ராட்டிலில் வருவார்கள். அதைவிட முக்கியம் நேரம். அலை செங்குத்தாக எழும்பி, உச்சி மெலிந்து, உடையப் போகும் கணத்தில் வண்டி அதன் முகத்தில் இருக்க வேண்டும். முந்திப் போனால் அது வெறும் மேடு, மேலே தூக்காது. பிந்திப் போனால் மடிந்து வரும் தண்ணீர் மூக்கின் மேலேயே விழும். ஆகவே நடுத்தர வேகத்தில் வந்து, கடைசி ஒரு வண்டி நீளத்தில் மட்டும் அமுக்குவதுதான் கைகொடுக்கும்.

காற்றில் இருக்கும்போது த்ராட்டிலை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பது இன்ஜினைக் கொல்லும் பழக்கம். பம்பில் தண்ணீர் இல்லாததால் சுற்று எகிறுகிறது. விழுந்ததும் தண்ணீர் திடீரென்று இம்பெல்லரைப் பிடிக்கிறது. அந்த அதிர்ச்சி முழுவதும் டிரைவ் ஷாஃப்டிலும் அதை இன்ஜினோடு இணைக்கும் கப்ளர் ரப்பரிலும் இறங்கும். கிளம்பியதும் விடுங்கள். வால் தண்ணீரைத் தொடும்போது மறுபடி கொஞ்சம் கொடுங்கள். கொஞ்சம் கொடுப்பது கட்டாயம்: உந்துதலே இல்லாமல் இறங்கினால் மூக்கு குத்தி நின்றுவிடும், உங்கள் தாடை ஹேண்டிலைச் சந்திக்கும். அலையின் முதுகுச் சரிவில், வால் முதலில், முழங்கால் மடங்கியபடி இறங்கினால் உடம்பு தாங்கும். சரிவைத் தாண்டித் தட்டையான தண்ணீரில் விழுகிற தாவல்தான் கணுக்காலையும் முழங்காலையும் பதம் பார்க்கிறது. பூட்ஸைக் கால்பிடிக்குள் (காலை நுழைத்து நிற்கும் இடம்) இறுக்கமாகத் திணித்துக்கொண்டு பழகுவதும் அதே கணுக்காலுக்குத்தான் ஆபத்து. விழும்போது கால் தானாகக் கழன்று வர வேண்டும்.

நேராகத் தாவி நேராக இறங்குவதே கைவராத நிலையில் சுழற்சிக்குப் போகிறவர்களைப் பார்க்கிறோம். பேக்ஃப்ளிப்பில் பாதியில் மனம் மாறுவதைவிட மோசமான இடம் எதுவும் இல்லை, வண்டி மேலே, நீங்கள் கீழே.

திரும்பி வருவது

வெளியே போவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், கரைக்கு வருவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பின்னாலிருந்து வரும் அலை வாலைத் தூக்கினால் குட்டை ஹல் மிகச் சுலபமாகக் குறுக்கே திரும்பிவிடும். அலையை முந்திக்கொண்டு அதன் முன்சரிவில் பாய்ந்தால் மூக்கு பள்ளத்தில் புதையும். அலையின் முதுகிலேயே, அதன் வேகத்திலேயே, உச்சிக்குச் சற்றுப் பின்னால் இருந்தபடி வர வேண்டும். அடிக்கடி பின்னால் திரும்பிப் பாருங்கள்.

விழுந்த பிறகு

விழப்போகிறோம் என்று தெரிந்தால் ஹேண்டிலை விட்டுவிட்டு வண்டியிலிருந்து விலகிக் குதியுங்கள். மணிக்கட்டில் இன்ஜினை நிறுத்தும் கயிறு கட்டியிருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நுரைக்குள் வண்டியைத் துரத்தி நீந்துவதில் மூச்சு போவதுதான் மிச்சம். அந்த அலைக்கூட்டம் ஓயட்டும்.

கவிழ்ந்த வண்டியை நினைத்த பக்கமாகப் புரட்டக்கூடாது. எந்தத் திசையில் புரட்டுவது என்று பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் காட்டும். தவறான பக்கம் புரட்டினால் சைலன்சர் பெட்டியில் தேங்கிய தண்ணீர் இன்ஜினுக்குள் போக வழியாகும். போயிருந்தால் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, அன்றைக்கே இன்ஜினை உலர்த்தி எண்ணெய் தெளிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் ஒரு இரவு தங்கினாலே பேரிங் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும்.

ஏறும்போது பின்னாலிருந்து ஏறுவதால் நாசிலின் தாரை உடம்புக்கு மிக அருகில் இருக்கும். வெறும் நீச்சல் டிரவுசரோடு ஓட்டுவது இதனால்தான் தவறு. வேகமான தண்ணீர் உடம்பின் கீழ்த்துவாரங்கள் வழியே புகுந்து உள்ளுறுப்புகளைக் கிழிக்கும் என்று தயாரிப்பாளர்களே வண்டியில் எச்சரிக்கை ஒட்டுகிறார்கள். வெட்சூட்டின் கீழ்ப்பகுதியாவது கட்டாயம்.

நேரம் போகப் போக வண்டி மந்தமாகி வால் தணிந்தால் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஹூட் (இன்ஜின் மூடி) ரப்பர் சரியாக உட்காராவிட்டால் ஒவ்வொரு நுரையும் கொஞ்சம் உள்ளே அனுப்பும். 20 லிட்டர் என்றால் வாலுக்கு ஓடி ஓடி வரும் 20 கிலோ. இன்ஜின் ஓடும்போது மட்டும் இறைக்கும் கம்பெனி அமைப்பை மட்டும் நம்பாமல், பேட்டரியில் ஓடும் இறைப்பு மோட்டார் ஒன்று வையுங்கள். டோட்டல் லாஸ் இக்னிஷன் (பேட்டரியை மட்டுமே நம்பித் தீப்பொறி தரும் அமைப்பு) பொருத்திய வண்டியென்றால் இன்ஜின் ஓடும்போதும் பேட்டரி சார்ஜ் ஆகாது. விழுந்து விழுந்து ஸ்டார்ட் செய்தால் சீக்கிரம் தீரும். சார்ஜ் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டு அலைக்கு வெளியே போகாதீர்கள்.

கரைக்கு வந்து நல்ல தண்ணீரில் கழுவும்போதும் வரிசை தப்புகிறது. முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், பிறகு குழாயைத் திறங்கள். முடிக்கும்போது முதலில் குழாயை மூடுங்கள், பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். இன்ஜின் ஓடாதபோது தண்ணீர் விட்டால் அது சைலன்சர் வழியே சிலிண்டருக்குள் ஏறிவிடும். கடலில் ஒரு சொட்டுகூடப் போகாத வண்டி வீட்டு வாசலில் தண்ணீர் குடிப்பது இப்படித்தான். ஹூட்டைத் திறந்தே உலர விடுங்கள்.