மிலிட்டரி பேஸ் வெல்டிங் வேலை: நாங்கள் கோட்டை விட்ட இடங்கள்

போன மாதம் துவாக்குடியிலிருந்து இரண்டு பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவன் கையில் ஆஃபர் லெட்டர் ஜெராக்ஸ். குவைத், அமெரிக்க ராணுவ கேம்ப், 6ஜி வெல்டர் (சாய்வாக நிலையாகப் பிடித்து வைத்த பைப்பில் டெஸ்ட் பாஸானவர்). "அண்ணே, ஏஜென்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டணுமாம், கட்டலாமா?" என்று கேட்டான். 2016-ல் நான் இதைக்கூட யாரிடமும் கேட்கவில்லை, நேராகப் போய்க் கட்டிவிட்டேன். பாஸ்போர்ட் காலாவதி, மெடிக்கல் அன்ஃபிட் மாதிரி எல்லாருக்கும் தெரிந்த சங்கதிகளை விட்டுவிடுகிறேன். எரிச்சல் தருகிற சிலதை மட்டும் எழுதுகிறேன்.

பேஸ் என்றாலே டாலர் சம்பளம் என்று நினைப்பது

குவைத்தில் இருக்கிற அரிஃப்ஜான் மாதிரி கேம்பில் அமெரிக்க ராணுவம் பிரைம் கான்ட்ராக்டருக்கு (நேரடியாக ஒப்பந்தம் எடுக்கிறவர்) வேலை கொடுக்கும், அவர் சப் கான்ட்ராக்டருக்குக் கொடுப்பார், அவர் மேன்பவர் கம்பெனியிடம் ஆள் கேட்பார். நாம் பெரும்பாலும் அந்தக் கடைசிப் படியில்தான் நிற்போம். பக்கத்திலேயே அதே பைப்பில் ரூட் (முதல் அடுக்கு வெல்டு) போடுகிற அமெரிக்கர் வாங்குவது வேறு சம்பளம், நாம் வாங்குவது வேறு. அதனால் முதலில் கேட்க வேண்டியது, "எனக்குச் சம்பளம் போடப்போவது இதில் எந்தப் படி?" படி மேலே போகப் போகத்தான் காசு. டிக் வெல்டிங்கில் ரூட் போட்டு, ராடில் (வெல்டிங் குச்சி) ஃபில்லிங் என்கிற நடு அடுக்கு, கேப்பிங் என்கிற மேல் அடுக்கு முடித்து, எக்ஸ்ரேயில் பாஸாகிறவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கிற தெம்பு தானாக வரும்.

பழைய சர்டிபிகேட்டை நம்பிப் போவது

திருச்சிக்காரனுக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு. பெல் இருக்கிற ஊர், வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர், நமக்கு யார் டெஸ்ட் வைப்பது என்று. அங்கே டெஸ்ட் அமெரிக்க விதிப் புத்தகங்களின்படி: ஸ்ட்ரக்சர் வேலைக்கு ஏடபிள்யூஎஸ் டி1.1, பிரஷர் பைப்புக்கு ஏஎஸ்எம்இ செக்ஷன் 9. இரண்டிலுமே, பாஸான வெல்டிங் முறையில் ஆறு மாதத்துக்கு மேல் வெல்டு அடிக்காமல் இருந்தால் தகுதி போய்விடும். எனவே வேலை செய்கிற இடத்தில் சூப்பர்வைசரிடம் அவ்வப்போது கையெழுத்து வாங்கி வையுங்கள். இன்னொன்று, நம் ஊர் கேட், கிரில் வேலையெல்லாம் 6013 ராடு. அங்கே ஸ்ட்ரக்சருக்கு 7018, ஓவனிலிருந்து சூடாக எடுத்து அடிக்க வேண்டும், வெளியே விட்டால் ஈரம் இழுத்துக்கொள்ளும். நான் முதல் நாள் ஒரு கட்டு ராடை எடுத்து மேடையில் பரப்பி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அத்தனையும் ஸ்கிராப் டப்பாவில் கிடந்தது, இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"பணம் எதுவும் கட்டவில்லை" என்று கையெழுத்துப் போடுவது

இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நம் ஊர்ச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கலாம், அதற்கு மேல் கூடாது. சப் ஏஜென்ட் என்கிற ஆளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஆனால் அமெரிக்க அரசு கான்ட்ராக்ட் என்றால் கதையே வேறு. 2015 மார்ச்சில் வந்த அவர்களுடைய விதிப்படி, ஆள் எடுப்பதற்காகத் தொழிலாளியிடம் ஒரு பைசாகூட வாங்கக் கூடாது. பிரைமுக்கு மட்டுமில்லை, கீழே இருக்கிற சப், ஏஜென்ட் வரைக்கும் இது பொருந்தும். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பதும் குற்றம்.

இது ஏஜென்டுகளுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் அந்தப் பேப்பர். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஒரு லட்சத்து இருபதாயிரம், ரொக்கமாக, ரசீது இல்லாமல் கொடுத்திருந்தேன். ஃப்ளைட்டுக்கு முதல் நாள் ராத்திரி சென்னையில் ஒரு ஆபீஸில் எங்கள் பதினான்கு பேரையும் உட்கார வைத்து, ஆங்கிலத்தில் ஒரு தாள் நீட்டினார்கள். படிக்க நேரமில்லை, டிக்கெட் அவர்கள் மேஜையில் இருக்கிறது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்து, "நான் யாருக்கும் பணம் தரவில்லை" என்று சொல்லச் சொல்லிப் படம் எடுத்தார்கள். சொன்னேன்.

கேம்புக்குப் போய் நாலு மாதம் கழித்து ஒரு அமெரிக்க அதிகாரி ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். வேலை கிடைக்க யாருக்காவது காசு கொடுத்தாயா என்பதுதான் கேள்வி. அந்த வீடியோ ஞாபகத்துக்கு வந்தது, உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். "நோ சார்" என்றேன். கூட வந்தவர்களில் ஒருத்தன், பட்டுக்கோட்டைப் பக்கம், ஏஜென்டின் மச்சான் அக்கவுன்ட்டுக்கு பேங்க் மூலம் அனுப்பியிருந்தான், அந்த ஸ்லிப்பைப் பெட்டிக்குள் வைத்திருந்தான். எடுத்துக் காட்டினான். ஆறேழு வாரத்தில் அவன் கட்டின பணம் முழுசும் திரும்பி வந்தது, வேலையும் போகவில்லை. நான் சங்கிலியை மீட்கப் பதினோரு மாதம் ஆனது.

அந்தப் பையனிடம் இதைத்தான் சொன்னேன். கொடுக்காதே. கொடுத்துத் தொலைத்துவிட்டாயா, பேங்க் ஸ்லிப், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதே, கேட்கிறவரிடம் பொய் சொல்லாதே. அப்புறம் இருவரும் உட்கார்ந்து அந்த ஆஃபர் லெட்டரில் இருந்த ஏஜென்ட் பெயரை பதிவு பெற்ற ஏஜென்டுகளைப் பார்க்கிற இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் தேடினோம். வரவில்லை.

பேசிக் பார்க்காமல் மொத்தத்தைப் பார்ப்பது

எனக்கு 180 தினார் என்றார்கள். கான்ட்ராக்டில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 110, மீதி அலவன்ஸ். எங்கள் கம்பெனி ஓடி (ஓவர்டைம்) கணக்குப் போட்டது 110-க்கு.

ஊர் பெயர் இல்லாத கான்ட்ராக்ட்

2004-ல் ஜோர்டான் வேலை என்று கிளம்பிய 12 நேபாளிகள் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். எந்த நாடு, எந்த ஊர் என்று தாளில் இல்லையென்றால் ஏறாதீர்கள்.

கேம்புக்குள் போட்டோ எடுப்பது

எடுக்காதீர்கள். செல்ஃபியும் போட்டோதான்.

அடிபட்டதை மறைப்பது

1941-லிருந்து டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்று ஒரு சட்டம் இருக்கிறது, வெளிநாட்டிலுள்ள அமெரிக்க பேஸில் கான்ட்ராக்ட் வேலை செய்கிற எந்த நாட்டுக்காரனுக்கும் இன்சூரன்ஸ் உண்டு. அடிபட்டால் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஒரு வருஷத்துக்குள் கிளெய்ம் போட வேண்டும். எங்கள் ஹெல்பர் ஒருத்தனுக்கு கிரைண்டிங் டிஸ்க் உடைந்து விரலில் ஏறியது. ஃபோர்மேன் "ரூமில் விழுந்தேன்னு சொல்லு, லீவு தர்றேன்" என்றார். மூன்று நாள் லீவு கிடைத்தது. அந்த விரல் இன்னும் மடங்குவதில்லை.