பழைய சோடாப் போத்தல்: கையில் எடுத்ததும் கழுவாதீர்கள்

தேயிலை மலையில் கான் (வடிகால்) வெட்டும்போது மண்வெட்டி 'ணங்' என்றால் பெரும்பாலும் கல்தான், எப்போதாவது போத்தல். பங்களாவுக்குப் பின்னால் இருந்த பள்ளம்தான் துரைமார் காலத்துக் குப்பைக்கிடங்கு. பெருமழைக்குப் பிறகு அங்கிருந்து இவை உருண்டு வரும்.

எடுத்தவுடன் எல்லோரும் செய்வது கழுவுவது. நானும் செய்தேன். நுவரெலியாவின் விடியற்குளிரில் வாசலில் கிடந்த கோலிப் போத்தலின் மேல் சுடுநீரை ஊற்றினேன். கழுத்திலிருந்து அடிவரை ஒரே விரிசல். குளிர்ந்த தடிப்புக் கண்ணாடியின் ஒரு பக்கம் மட்டும் சட்டென்று விரிந்தால் வேறென்ன நடக்கும்? இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் கரைத்து இரண்டு நாள் ஊறவிட்டாலே மண் தானாகக் கழன்றுவிடும். மணல், கம்பித் தும்பு எதுவும் வேண்டாம். அப்படியும் போகாத வெண்படலம் அழுக்கல்ல. ஈரமண்ணில் கிடந்து கண்ணாடியே அரித்துப் போனதன் அடையாளம். வினாகிரிக்கும் அது அசையாது. தேங்காயெண்ணெய் தடவினால் மறையும் என்பதால், பளபளக்கும் போத்தலை உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்த தவறு, போத்தலின் வயதை அறியத் தையல்கோட்டை மட்டும் நம்புவது. அச்சின் கோடு வாய்விளிம்பு வரை ஏறினால் இயந்திரப் போத்தல். கீழேயே நின்றால் கைவேலை. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கிப் போத்தல் இயந்திரம் 1903 இல்தான் வந்தது என்பதால் பொதுவாக இது நல்ல விதிதான். ஆனால் கோலிப் போத்தலுக்கு இது சரிவராது. கோலியை உள்ளே போட்ட பிறகே வாயைச் சூடாக்கி ஒடுக்க வேண்டும். அதனால் புதிதாகச் செய்ததிலும் கோடு மேலே மறைந்துவிடலாம். ஹைரம் காட் 1870களில் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற இந்த வடிவம் இந்தியாவில் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. ஹட்டன் நடைபாதையில் 'வெள்ளைக்காரன் காலத்தது' என்று நீட்டப்படுவது போன வருடம் கடல் கடந்து வந்ததாகவும் இருக்கலாம். அடிப்பகுதியின் தேய்மானத்தைப் பாருங்கள். பல வருடம் மேசையிலும் பெட்டியிலும் உரசிய போத்தலின் அடியில் நுண்கீறல்கள் நாலாபக்கமும் கலைந்து கிடக்கும். மணல்தாளில் தேய்த்தவை ஒரே திசையில் ஓடும்.

எழுத்தைத் தவறாக வாசிப்பவர்களும் உண்டு. அடிப்பக்கத்தில் இருக்கும் பெயர் பெரும்பாலும் கண்ணாடி வார்த்த ஆலையுடையது. சோடா அடைத்தவர் பெயர் உடம்பில் இருக்கும். இரண்டையும் குழப்பி, இங்கிலாந்துப் பட்டறைக்காரரைக் கண்டிச் சோடாக் கம்பனிக்காரராக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பியர் போத்தல் என்றால் ஆண்டில் தடுமாறுவார்கள். நுவரெலியாவில் சாமுவேல் பேக்கர் 1849 இல் சிறிய அளவில் பியர் வடிக்கத் தொடங்கியதாகச் சொல்வார்கள். சிலோன் புரூவரி 1881 இல் தோன்றியது. லேபிளில் 1881 என்று கண்டால் அது கம்பனி பிறந்த ஆண்டு, போத்தல் பிறந்த ஆண்டல்ல. உற்பத்தி பின்னாளில் கொழும்புக்கு அருகே பியகமவுக்குப் போய்விட்டது. அதனால் ஆண்டைவிட முகவரியே எனக்குப் பெரிய சாட்சி. வாயையும் பாருங்கள். தகர மூடிக்கான வளையம் இருந்தால், வில்லியம் பெயின்டர் அந்த மூடிக்குக் காப்புரிமை பெற்ற 1892க்கு முன்னால் அதைக் கொண்டுபோக முடியாது.

ஊதா நிறத்துக்கு ஏமாறாதீர்கள். மங்கனீசு கலந்த தெளிந்த கண்ணாடி வெயிலில் மெல்ல இளம் ஊதாவாகும். கத்தரிப்பூ நிறத்தில் அடர்ந்திருந்தால் செயற்கைக் கதிர் பட்டிருக்கலாம்.

தோண்டுவதைப் பற்றி ஒரே வார்த்தை: லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலுள்ள சரிவில் வேண்டாம். மண் சரிந்தால் கீழே வீடுகள்.

கடைசித் தவறு, கிடைத்த இடத்தைக் குறிக்காமல் விடுவது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தக் கான் என்பதைப் பென்சிலால் சீட்டில் எழுதிக் கழுத்தில் நூலால் கட்டிவிடுங்கள். கோலிப் போத்தலுக்குள் சீட்டைப் போட்டால் எடுக்கக் கோலி விடாது.