கட்டி தட்டாத கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும்

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மானாவாரி நிலங்களில் காலங்காலமாகக் கேழ்வரகு விளைகிறது. 2023-ஆம் ஆண்டு முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளிலும் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் வழி வந்தது. ஆனாலும் புதிதாகச் சமைக்கத் தொடங்கும் பலர், மாவு கட்டி தட்டிவிடும் என்ற அச்சத்தால் களியின் பக்கமே போவதில்லை. கட்டி தட்டுவதற்குக் காரணம் ஒன்றே. மாவு வேகும் முன்பே கிண்டிவிடுகிறோம்.

கேழ்வரகை வாங்கிக் கல் நீக்கிக் கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, மாவு மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது. பழைய மாவில் காறல் வாடை வரும் என்பதால், ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் அரையுங்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் அதிகமான சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் இது மிகக் குறைவு.

களி ஆறினால் இறுகிவிடும். ஆகவே கடைசலை முதலில் முடித்துவிடுங்கள். கால் தம்ளர் துவரம்பருப்பை முக்கால் பதத்துக்கு வேகவைத்து, அதில் ஆய்ந்து அலசிய ஒரு கட்டு அரைக்கீரை அல்லது சிறுகீரை, பத்துச் சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, நான்கு பச்சை மிளகாய், ஒரு தக்காளி, அரைத் தேக்கரண்டி சீரகம், சுண்டைக்காய் அளவு புளி ஆகியவற்றைச் சேர்த்து, மூடாமல் குழைய வேகவிடுங்கள். வெந்த நீரைத் தனியே வடித்து வைத்துவிட்டு, உப்புப் போட்டு மண்சட்டியில் மத்தால் கடையுங்கள். பிறகு அந்த நீரையே வேண்டிய அளவு ஊற்றித் தளர்த்துங்கள். மிக்சியில் அரைத்தால் கீரை பசையாகிவிடும், கடைசலின் ருசி வராது. கடலை எண்ணெயில் கடுகும் வரமிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் போதும்.

இனி களி. இருவருக்கு ஒரு தம்ளர் மாவும் கால் தம்ளர் அரிசி நொய்யும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தம்ளரால் அளந்துகொள்ளுங்கள். அடிகனமான பாத்திரத்தில் மூன்று தம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, உப்பும் கழுவிய நொய்யும் போட்டு, நொய் விரலில் மசியும் வரை வேகவிடுங்கள். அதிலிருந்து அரைத் தம்ளர் கொதிநீரை எடுத்துத் தனியே வையுங்கள். களியின் பதத்தைச் சரிசெய்ய அது பின்னால் உதவும்.

அடுத்து, மாவை நடுவில் ஒரே குவியலாகக் கொட்டி, கிண்டாமல் விட்டுவிடுங்கள். கரண்டிக் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு துளை போட்டால், கொதிநீர் அதன் வழியே மேலேறி மாவை நனைக்கும். தீயைக் குறைத்து, மூடி, ஏழெட்டு நிமிடம் காத்திருங்கள். இந்தப் பொறுமைதான் களியின் பாதி வேலை. அவசரப்பட்டு முன்னதாகக் கிண்டினால், ஒவ்வொரு மாவு உருண்டையின் வெளிப்புறம் மட்டும் வெந்து தோல் போலாகி, உள்ளே உலர்ந்த மாவு சிக்கிக்கொள்ளும், அதுவே கட்டி.

பிறகு பாத்திரத்தை இறக்கி, கனத்த துணியால் ஒருவர் இறுகப் பிடித்துக்கொள்ள, துடுப்பால் மாவைப் பக்கச்சுவரில் அழுத்தித் தேய்த்துக் கிண்டுங்கள். துடுப்பு இல்லாவிட்டால் உறுதியான மரக்கரண்டி போதும். வறண்டிருந்தால் எடுத்துவைத்த நீரைச் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். உலர்ந்த மாவு எங்கும் தெரியாமல் ஒரே நிறமானதும், மீண்டும் மூடிச் சிறுதீயில் நான்கு நிமிடம் புழுங்கவிடுங்கள். ஈர விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் வையுங்கள்.

ஈரத் தட்டில் கொட்டி, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு சூட்டோடு உருட்டுங்கள். தட்டில் உருண்டையின் நடுவே குழி செய்து கடைசலை ஊற்றி, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகக் கிள்ளித் தோய்த்துச் சாப்பிடுங்கள். கீரை கிடைக்காத நாளில் கொள்ளுக் கடைசலும் பொருத்தமாக இருக்கும்.

மிஞ்சிய உருண்டையை இரவே தண்ணீரில் மூழ்கப் போட்டுவையுங்கள். காலையில் அதைக் கரைத்து, மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம்.