தேநீர்ப் பையைப் புதைத்து மண்ணின் வேலையை அளப்பது எப்படி?

ஒரு தோட்டத்தில் எத்தனை மரம், எத்தனை பறவை என்று எண்ணினால் அங்கே யார் யார் வாழ்கிறார்கள் என்று தெரியும். உதிர்ந்த இலையை மண் எவ்வளவு வேகமாக மக்கவைக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. அதை அளக்க 2013இல் வெளியான ஓர் எளிய முறைக்குத் தேநீர்ப் பைகளே போதும்.

வாங்க வேண்டியவை லிப்டன் பச்சைத் தேயிலை, ரூய்போஸ் (தேநீர்போலக் குடிக்கப்படும் ஒரு தென்னாப்பிரிக்கச் செடியின் இலை) என இரண்டு வகைப் பைகள். பச்சைத் தேயிலை சீக்கிரம் மக்கும். ரூய்போஸ் மெதுவாக மக்கும். எல்லா ஊரிலும் ஒரே சரக்கைப் புதைத்தால்தான் ஒப்பிட முடியும் என்பதால், விலை மலிவு என்று வேறு பிராண்டை எடுக்காதீர்கள். தராசு 0.01 கிராம் வரை காட்ட வேண்டும். ஒரு பையில் இருப்பதே சுமார் 2 கிராம்தான். சமையலறைத் தராசு இதற்கு உதவாது.

அடுத்தது இடம். சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில் புதைக்கும் ஆசை வேண்டாம். இயற்கை வனப்பகுதியில் அனுமதியின்றித் தோண்டக்கூடாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டம் இருந்தால் அதன் பொறுப்பாளரிடம் கேளுங்கள். எரு போட்ட பாத்தி ஒன்று, வெறும் புல்தரை ஒன்று என எடுத்தால் ஒப்பீடு சுவையாக இருக்கும்.

பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு பையையும் எடை போடுங்கள். நம் ஊர்க் காற்றில் தேயிலை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு பையைக் காலிசெய்து, நூலோடும் சீட்டோடும் நிறுத்து, அந்த எடையைக் கழியுங்கள். அழியாத மையால் சீட்டில் எண் எழுதுங்கள். பிறகு 8 சென்டிமீட்டர் ஆழத்தில், வகைக்கொரு குழியாகப் புதையுங்கள். சீட்டு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். புல் வெட்டும் இயந்திரம் சீட்டை வெட்டிக்கொண்டு போய்விடும் என்பதால் பக்கத்தில் ஒரு குச்சியும் நடுங்கள், இடத்துக்கு நாலைந்து ஜோடியாவது வையுங்கள்.

சுமார் 90 நாள் கழித்துத் தோண்டியெடுங்கள். தண்ணீரில் கழுவாதீர்கள், தேயிலைச் சத்தும் கரைந்து போய்விடும். வெயிலில் காயவைப்பதை நம்ப முடியாது. 70 டிகிரி செல்சியஸில் மின்சார அடுப்பில் (oven) 48 மணி நேரம் உலர்த்துங்கள் (மின் கட்டணத்துக்கு நான் பொறுப்பல்ல). ஒட்டிய மண்ணை உதிர்த்து, பையைப் பிரித்து, தேயிலையை மட்டும் நிறுங்கள்.

உதாரணமாக, பச்சைத் தேயிலை 1.80 கிராமிலிருந்து 0.60 ஆகியிருந்தால் இழப்பு 0.67 பங்கு. அதை 0.842ஆல் (பச்சைத் தேயிலையில் மக்கக்கூடிய பங்கு) வகுத்து, வருவதை 1இலிருந்து கழித்தால் 0.21 கிடைக்கும். மக்கக்கூடிய பகுதியிலும் மக்காமல் நிலைத்துவிட்ட பங்கு இது. புல்தரையில் இந்த எண் கூடுதலாக இருந்தால், மக்கக்கூடியதில் அதிகப் பங்கு அங்கே மக்காமல் தங்கியிருக்கிறது. மக்கும் வேகத்தை இந்த எண்ணோடு ரூய்போஸின் இழப்பையும் சேர்த்துக் கணக்கிடலாம்.