மூப்பர் சந்தா வாங்க வருகிறவர் அல்ல

வெள்ளவத்தையில் எங்கள் பெரியம்மா இருந்த தொடர்மாடியில் லிஃப்ற் பழுதான ஒரு நாள், சபை மூப்பர் ஒருவர் நாலு மாடி ஏறி வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். கையில் ஒரு குடை, ஒரு சின்ன பைபிள். கதவைத் திறந்த பெரியம்மா அவரை இருக்கச் சொல்லவும் மறந்து, உள்ளே திரும்பி, "தம்பி, அலுமாரிக்கு மேல சந்தாக் காசு என்வலப் இருக்கு, எடுத்துக்கொண்டு வா" என்றார். மனிதர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "காசுக்கு வரேல்லை அக்கா. முழங்கால் ஒப்பரேசன் எண்டு கேள்விப்பட்டன். ஒரு ஜெபம் பண்ணிப்போட்டுப் போவம் எண்டு வந்தனான்."

பெரியம்மா முப்பது வருஷமாக அந்தச் சபையில் அங்கத்தவர். அவருக்கே இந்தக் குழப்பம் என்றால், கலியாணம் முடித்தோ வேறு சபையிலிருந்து மாறியோ பிரெஸ்பிற்றேரியன் சபைக்கு வருகிறவர்களைக் குறை சொல்ல முடியாது.

மூப்பர் யார் என்பதில் முதல் தவறு சொல்லிலேயே இருக்கிறது. மூப்பர் என்றதும் வயது மூத்தவர் என்று நினைக்கிறோம். கத்தோலிக்கச் சொந்தக்காரர் இருந்தால் இன்னொரு குழப்பமும் வரும். ஒல்லாந்தர் காலத்திலிருந்தே இலங்கைக் கத்தோலிக்கரிடம் கோயிலைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பாளருக்கு மூப்பர் என்ற பெயர் உண்டு; ஜெபம் நடத்துகிறவர் அண்ணாவியார். அதே சொல்தான், வேலை வேறு. கிரேக்கத்தில் மூப்பரைக் குறிக்கும் 'பிரெஸ்புதெரொஸ்' என்ற சொல்லிலிருந்துதான் பிரெஸ்பிற்றேரியன் என்ற பெயரே வந்தது. அதாவது மூப்பர்கள் கூடி நடத்துகிற சபை. தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் தகுதிகளைப் பாருங்கள்: மதுபானப்பிரியனாக இருக்கக் கூடாது, பண ஆசை கூடாது, சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்த வேண்டும், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனாக இருக்கக் கூடாது. இத்தனை வயது என்று எங்கும் இல்லை. காரும் சொந்த வீடும் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கொழும்பில் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

அடுத்தது, மூப்பரைப் போதகரின் எடுபிடியாகப் பார்ப்பது. இந்த முறையில் போதகரும் ஒரு மூப்பர்தான். அவர் போதிக்கும் மூப்பர், மற்றவர்கள் ஆளுகை செய்யும் மூப்பர்கள். ஸ்கொற்லாந்து வழி வந்த சபைகளில் இவர்கள் சேர்ந்து உட்காரும் கூட்டத்துக்கு செஷன் என்று பெயர். போதகர் அதற்குத் தலைமை தாங்குவார். ஒல்லாந்தர் வழியில் அதுவே கன்சிஸ்ரரி. இந்த முறைக்கு வழிகாட்டிய சீர்திருத்தவாதி கல்வின் 1541இல் ஜெனீவாவுக்கு எழுதிக்கொடுத்த சபை ஒழுங்கில் பன்னிரண்டு மூப்பர்கள். நகரத்தை ஆண்ட மன்றங்களின் அங்கத்தவர்களிலிருந்தே அவர்களைத் தெரிந்தெடுத்தார்கள். போதகர்களோடு வாராவாரம் வியாழக்கிழமை கூடினார்கள்.

இதற்கு நேரெதிர்த் தவறும் உண்டு: மூப்பரை எதிர்க்கட்சி எம்பி ஆக்குவது. "நாங்கள்தான் வோட்டுப் போட்டோம், எங்களுக்காகப் பாஸ்ரரிடம் சண்டை பிடியுங்கோ" என்பார்கள். சபை தெரிந்தெடுப்பது உண்மைதான். ஆனால் அவர் யாருடைய பிரதிநிதியும் இல்லை. கூட்டத்தில் மனச்சாட்சிப்படி பேசத்தான் அவரை அனுப்புகிறோம், எங்கள் தெருவின் கருத்தைக் கொண்டுபோக அல்ல.

இதில் நான் நேரே பட்டது ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு சபையில், ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு மூப்பர், "அதுக்கென்ன, ஹோலை எடுங்கோ" என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லிவிட்டார். அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது. அதே சனிக்கிழமை ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளின் ஒத்திகை. பிறகு நடந்த கதைவழிப்பாட்டில் இரண்டு வீட்டுக்காரர் இன்னும் ஒரே வாங்கில் உட்காருவதில்லை. அந்த மூப்பர் கெட்டவர் இல்லை. ஆனால் தனி மூப்பருக்கு அதிகாரமே கிடையாது. கூடித் தீர்மானித்தால்தான் அது தீர்மானம். வாசலில் தருகிற வாக்கை வாக்காக எடுக்காதீர்கள்.

காசும் ஏழைகளுக்கான உதவியும் மரபுப்படி உதவிக்காரரின் வேலை, அதாவது டீக்கன். சின்னச் சபையில் ஒரே ஆள் இரண்டையும் சுமக்க நேரும். பெரியம்மாவின் என்வலப் குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ஒரு சபையின் வழக்கத்தை அடுத்த சபைக்கு அளவுகோலாக வைப்பதும் கொழும்பில் அடிக்கடி நடக்கிறது. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோரம் இருக்கிற ஸ்கொற்ஸ் கேர்க் தேவாலயம் ஒரு மரபு, ஸ்கொற்லாந்து வழி வந்தது. 1757இல் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயம் இன்னொன்று, ஒல்லாந்தச் சீர்திருத்த மரபு. ஸ்கொற்லாந்தின் 1578ஆம் ஆண்டு ஒழுங்கு நூல், ஒருமுறை மூப்பரானவர் அதை விட்டுவிட முடியாது என்றது. முறைவைத்து ஓய்வெடுக்க மட்டும் இடம் கொடுத்தது. ஒல்லாந்தில் 1618-19இல் கூடிய டோர்ட் சினட் என்ற திருச்சபைப் பேரவையோ இரண்டு வருஷத் தவணை வைத்து, வருஷாவருஷம் ஒரு பகுதியினர் மாற வேண்டும் என்றது. ஆகவே "அங்கே சாகும்வரை மூப்பர், இங்கே ஏன் இவரை இறக்கினார்கள்?" என்று கோபிக்க முதல் உங்கள் சபையின் யாப்பைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். பெண்கள் விஷயமும் அப்படித்தான். ஸ்கொற்லாந்துச் சபை 1966இலேயே பெண்களை மூப்பராக்கச் சம்மதித்துவிட்டது. சம்மதிக்காத சபைகள் உலகத்தில் இன்னும் உண்டு.

கடைசியாக, நான் பெரிதாக நினைக்கிற தவறு: வருத்தம் வந்தால், வீட்டில் சண்டை வந்தால் மூப்பரைக் கூப்பிடாமல் இருப்பது. யாக்கோபு 5:14 வியாதிக்காரனிடம் சபையின் மூப்பர்களை வரவழைக்கத்தான் சொல்கிறது. அவர்களாக மணந்து பிடித்து வரட்டும் என்று இருந்துவிட்டு, "ஒருத்தரும் எட்டிப் பார்க்கேல்லை" என்று மனம் நோகிறோம். சொன்னால் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்ற பயமும் நியாயமானதுதான், நானும் பயந்திருக்கிறேன். அதனால் கதையைத் தொடங்க முதலே கேட்டுவிடுங்கள்: "இது உங்களோடு நிற்குமா, செஷனுக்குப் போகுமா?" நல்ல மூப்பர் எதை அடக்கி வைக்கலாம், எதை அடக்கி வைக்க முடியாது என்று அப்போதே சொல்லிவிடுவார். ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் அவர் பேசாமல் இருக்கக் கூடாது. கணவன் மனைவிச் சண்டை என்றால் அது அந்தத் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்க வேண்டும்.