பொசைடனின் கோபம்: ஒடிசி படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோமரின் கிரேக்கக் காவியமான ஒடிசியின் கதையைச் சுருக்கிச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: டிராய் போர் முடிந்து ஊரான இத்தாக்காவுக்குத் திரும்பிய ஒடிசியஸ், கடல் தெய்வம் பொசைடனின் கோபத்தால் பத்து ஆண்டுகள் கடலில் அலைந்தான். இந்த வரியை நம்பிப் படிக்க உட்கார்ந்தால் காவியத்தின் கணக்கு எங்குமே ஒட்டாது. அந்தப் பத்தில் ஏழு ஆண்டுகள் அவன் தேவமங்கை காலிப்ஸோவின் தீவில் இருந்தான், ஓராண்டு சூனியக்காரி கிர்கியின் வீட்டில். எட்டு ஆண்டுகள் கரையிலேயே கழிந்துவிட்டன.

எல்லா அழிவையும் பொசைடன் தலையில் கட்டுவதுதான் முதல் தவறு. ஒடிசியஸ் டிராயிலிருந்து கிளம்பியது 12 கப்பல்களோடு. அவற்றில் 11, லெஸ்ட்ரிகோனியர் என்ற அரக்கர்கள் எறிந்த பாறைகளில் நொறுங்கின. மிஞ்சிய ஒன்றை இடியால் பிளந்தவர் ஜீயஸ். சூரிய தெய்வம் ஹீலியோஸின் மாடுகளை மாலுமிகள் அறுத்துத் தின்றதற்கான தண்டனை அது. இத்தாக்காவின் கரை கண்ணில் பட்ட பிறகும் திரும்ப அடித்துச் செல்லப்பட்டதற்குக் காரணம், காற்றுகளின் காவலன் ஈயோலஸ் கொடுத்த காற்றுப் பையை மாலுமிகளே அவிழ்த்தது. பயணத்தின் தொடக்கத்தில் ஒன்பது நாள் திசை தவறவைத்த காற்றையும் பொசைடன் கணக்கில் எழுத முடியாது. அப்போது ஒடிசியஸ், பொசைடனின் மகனான ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸைப் பார்த்ததே இல்லை. கோபத்துக்குக் காரணமே பிறக்கவில்லை.

பொசைடன் நேரடியாக ஒடிசியஸ் மேல் கை வைப்பதாக ஹோமர் காட்டுவது ஒரே இடத்தில், 5-ஆம் காண்டத்தில். 20 மரங்களை வெட்டிக் கட்டிய மிதவையில் ஒடிசியஸ் 17 நாள் ஓட்டிவருகிறான். 18-ஆம் நாள், அவனைக் கடைசியில் வீடு சேர்க்கப்போகும் ஃபியேசியர்களின் மலைகள் தெரிகின்றன. எத்தியோப்பியர்களிடம் பலி ஏற்றுவிட்டுத் திரும்பும் பொசைடன் அப்போதுதான் அவனைப் பார்க்கிறார். சூலத்தால் கடலைக் கலக்குகிறார்.

இந்தக் காட்சியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. புயலைக் கிளப்பியவர் பொசைடன் என்று கதைசொல்லி நமக்குச் சொல்லிவிட்டார். ஆனால் 303-ஆம் வரியில் ஒடிசியஸ், வானத்தை மேகத்தால் மூடியவர் ஜீயஸ் என்கிறான். பிறகு கடல்தேவதை இனோ வந்து, பொசைடன் ஏன் உன்மேல் இவ்வளவு சினம் கொண்டார் என்று கேட்டு, தன் முக்காட்டை அவனிடம் கொடுக்கிறாள். 423-ஆம் வரியில்தான் அவன் வாயிலிருந்து ‘நிலத்தை உலுக்குபவருக்கு என்மேல் வெறுப்பு’ என்று வருகிறது. மனிதப் பாத்திரங்களுக்குப் பொதுவாக எந்தத் தெய்வம் என்று தெரியாது. அவர்கள் ஜீயஸ் என்றோ, ஏதோ ஒரு தெய்வம் என்றோதான் சொல்வார்கள். 1904-இல் டேனிஷ் அறிஞர் ஓவ யோர்கன்சன் எடுத்துக்காட்டிய வழக்கம் இது. 9 முதல் 12 வரையான காண்டங்களில் கதை சொல்பவன் ஒடிசியஸே. அங்கே ஒரு தெய்வத்தின் பெயர் வரும்போதெல்லாம், பேசுவது யார் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அடுத்த தவறு, பொசைடன் அவனைக் கொல்லத் துரத்துகிறார் என்று நினைப்பது. கொல்லவில்லை, ஊரிலிருந்து விலக்கி அலையவைக்கிறார் என்று முதல் காண்டத்திலேயே ஜீயஸ் சொல்லிவிடுகிறார். புயலைக் கிளப்பும்போதுகூட, ஃபியேசியர் நாட்டில் அவன் தப்புவது விதி என்று பொசைடனுக்குத் தெரியும். அதற்குள் வயிறு நிறையத் துன்பம் ஊட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். 13-ஆம் காண்டத்தில், அவன் வீடு திரும்புவதை நான் முழுக்கப் பறித்ததே இல்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

இந்த எல்லையை வகுத்துக் கொடுத்தது பாலிஃபீமஸின் வேண்டுதல். அவனுடைய ஒற்றைக் கண்ணை ஒடிசியஸ் குருடாக்கியதுதான் கோபத்தின் காரணம். ஆனால் சாபம் போட ஒரு பெயர் வேண்டும். குகைக்குள் ‘யாருமில்லை’ என்று பெயர் சொல்லித் தப்பியவன், கப்பலில் ஏறியதும் லயர்ட்டஸின் மகன், இத்தாக்காக்காரன், ஒடிசியஸ் என்று முழு முகவரியையும் கத்துகிறான். உன் கண்ணைப் பொசைடனாலும் குணமாக்க முடியாது என்று தெய்வத்தையும் சேர்த்து இழுக்கிறான். அதற்குப் பிறகுதான் பாலிஃபீமஸ் தந்தையை நோக்கிக் கையேந்துகிறான்: இவன் வீடு சேரக் கூடாது, சேர்வது விதியானால் தாமதமாக, தோழர் எல்லோரையும் இழந்து, பிறர் கப்பலில் போகட்டும், வீட்டிலும் தொல்லை காத்திருக்கட்டும். ஒவ்வொன்றும் பலிக்கிறது. பலிக்கச் செய்யும் கைகள் மட்டும் பெரும்பாலும் வேறு.

டிராய் தோற்ற ஆத்திரம் என்று காரணம் சொல்வதும் தவறு. டிராய் போரைப் பாடும் இலியட்டில் பொசைடன் கிரேக்கர் பக்கம். பொசைடனை மதில் கட்டவைத்துக் கூலி தராமல் ஏமாற்றிய மன்னன் லவோமெடானின் ஊர் டிராய். ரோமானிய நெப்டியூனோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்: வெர்ஜிலின் லத்தீன் காவியமான ஈனியட்டின் முதல் காண்டத்தில் அவர் புயலை அடக்க வருகிறார்.

தமிழில் எழுதும்போது பொசைடனை ‘வருண பகவான்’ ஆக்குவதை நான் ஏற்கமாட்டேன். வருணன் என்றால் நமக்கு மழை. கிரேக்கர்களுக்கு மழை ஜீயஸின் கையில். பொசைடனுக்குரியவை கடல், நிலநடுக்கம், குதிரை.

இன்னொரு சொல்லும் காலை வாரும். பொசைடனின் கோபம் தணிய ஒடிசியஸுக்கு வழி சொல்லும் குறிசொல்லி டைரீசியஸ், ஒரு துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு உள்நாட்டுக்கு நடந்துபோ என்கிறார். கடலையே அறியாத, உணவில் உப்புச் சேர்க்காத மக்களில் ஒருவன் எதிரே வந்து, தோளில் இருப்பது தானியம் தூற்றும் கருவி என்பான், அதுதான் அடையாளம். இதை ‘முறம்’ என்று மொழிபெயர்த்தால் காட்சி செத்துவிடும். துடுப்பைப் பார்த்து எவன் முறம் என்பான்? அவர்கள் தூற்றியது நீண்ட காம்புள்ள மரத் தட்டைக் கரண்டியால். களத்தில் அள்ளிக் காற்றில் வீசுவார்கள். ‘தூற்றுப் பலகை’ என்றால் உருவம் பொருந்தும். அந்த இடத்தில் துடுப்பை நட்டு, ஓர் ஆட்டுக்கிடா, ஒரு காளை, ஒரு ஆண் பன்றி மூன்றையும் பொசைடனுக்குப் பலி கொடுக்க வேண்டும்.

ஒடிசியஸ் வீடு சேர்ந்ததும் கோபம் தீர்ந்தது என்று எழுதிவிடாதீர்கள். 23-ஆம் காண்டத்தில், போரும் அலைச்சலுமாக இருபது ஆண்டு கழித்துச் சேர்ந்த அந்த இரவிலேயே, இன்னும் ஒரு பயணம் பாக்கி இருக்கிறது என்று மனைவி பெனலோப்பியிடம் அவன் சொல்கிறான். அந்தப் பயணம் ஒடிசிக்குள் நடப்பதில்லை.