ஃபியூவல் கன்ட்ரோலர் மாட்டிய காரில் கோளாறா? மேப்பைத் தொடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெட்ரோல் அளவைத் திருத்தத் தனியாக வாங்கி மாட்டிய ஃபியூவல் கன்ட்ரோலர் தகராறு செய்தால் பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பது லேப்டாப்பைத்தான். ஐட்லிங் நிற்கவில்லை, மிஸ்ஸிங் அடிக்கிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. உடனே மேப்பை, அதாவது கன்ட்ரோலரில் எங்கே எவ்வளவு திருத்தம் என்று பதிந்திருக்கும் அட்டவணையைத் திறந்து இங்கே இரண்டு சதவீதம் கூட்டு, அங்கே மூன்று சதவீதம் குறை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கோளாறு தேடும்போது மேப் கடைசியாகத் தொட வேண்டிய இடம். முதலிலேயே தொட்டால் ஒரு கோளாறின் மேல் இன்னொரு கோளாறை ஏற்றி வைத்துவிடுவோம். பிறகு எது எதனால் வந்தது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு.

இந்தக் கருவிகளில் பல, பெட்ரோலை நேரடியாகக் கட்டுப்படுத்துவதே இல்லை. உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரிலிருந்தோ, காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரிலிருந்தோ (மேலே சொன்ன மேப் வேறு, இது வேறு) காரின் கணினியான ஈசியுவுக்குப் போகும் சிக்னலை நடுவில் பிடித்து, கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ அனுப்புகின்றன. உள்ளே வரும் காற்று குறைவு என்று ஈசியு நம்பினால் பெட்ரோலைக் குறைக்கும்; அதிகம் என்று நம்பினால் கூட்டும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் வயரையே இடைமறிக்கும் வகைகளும் உண்டு. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் தேட ஆரம்பிக்காதீர்கள்.

அடிக்கடி பார்க்கும் தவறு: மேப் முழுவதையும் பூஜ்யமாக்கிவிட்டு, "கன்ட்ரோலரை எடுத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் கோளாறு இருக்கிறது" என்று சொல்வது. பூஜ்யம் போட்டாலும் சிக்னல் அந்தக் கருவிக்குள் நுழைந்து வெளியே வந்துதான் ஈசியுவுக்குப் போகிறது. கருவியின் எர்த், வயர் இணைப்பு, சென்சார் வகை அமைப்பு, இவற்றில் எது தவறாக இருந்தாலும் பூஜ்யம் அதைச் சரிசெய்யாது. கருவியைத் தாண்டி சிக்னலை நேராக அனுப்பும் பைபாஸ் கப்ளர் இருந்தால் அதை மாட்டுங்கள். இல்லையென்றால் வெட்டிய வயரைப் பழையபடி நேராக இணைத்து ஓட்டிப் பாருங்கள். ஆனால் பெரிய இன்ஜெக்டர் மாற்றியிருந்தால் இந்தச் சோதனைக்குப் பழைய இன்ஜெக்டரையும் திரும்பப் போட வேண்டும். கோளாறு அப்போதும் இருந்தால் அது காரின் கோளாறு. போய்விட்டால் கன்ட்ரோலர் பக்கம் தேடுங்கள்.

அந்தப் பக்கம் முதல் சந்தேகம் எர்த் மேல்தான். கைக்கு எட்டிய ஏதோ ஒரு போல்ட்டில் எர்த் வயரை முறுக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது பெரிய தவறு. வோல்ட்டாகச் சொல்லும் ஏர் ஃப்ளோ சென்சாரின் சிக்னல் 0 முதல் 5 வோல்ட்டுக்குள் இருக்கும். ஐட்லிங்கில் பல கார்களில் அது ஒரு வோல்ட்டை ஒட்டித்தான் நிற்கும். கன்ட்ரோலரின் எர்த்துக்கும் ஈசியுவின் எர்த்துக்கும் 0.1 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே சிக்னலில் பத்தில் ஒரு பங்கு பிசகுகிறது. ஹாட் ஒயர் வகை சென்சாரில் காற்றின் கணக்கு அதைவிட அதிகமாகவே பிசகும். ஹெட்லைட் போட்டாலோ ரேடியேட்டர் ஃபேன் ஓடினாலோ ஐட்லிங் மாறுகிறதா? மேப்பை மறந்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, விளக்கும் ஃபேனும் போட்ட நிலையில், கன்ட்ரோலர் எர்த்துக்கும் ஈசியு எர்த்துக்கும் இடையே வோல்ட்டைப் பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். கருவியின் விளக்கக் குறிப்பில் ஈசியு அருகிலேயே எர்த் எடுக்கச் சொல்லியிருந்தால் அது வீண் பிடிவாதம் இல்லை.

வயர் இணைப்பும் அப்படித்தான். உறையைக் கடித்துப் பிடிக்கும் கிளிப் இணைப்புகள் உள்ளே சில இழைகளை அறுத்துவிடும். மாட்டிய அன்று நன்றாக ஓடும், சில மாதங்களில் ஈரமும் அதிர்வும் சேர்ந்து வேலையைக் காட்டும். சரியான கிரிம்ப், அல்லது சால்டர் வைத்து மேலே ஹீட் ஷ்ரிங்க். இதில் நேரம் மிச்சம் பிடிக்கவே கூடாது. சிக்னல் வயரை இக்னிஷன் காயிலை ஒட்டிக் கொண்டு போகவும் வேண்டாம்.

சென்சார் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதும் நடக்கிறது. அபெக்ஸியின் எஸ்-ஏஎஃப்சி போன்ற கருவிகளில் சென்சார் வகை, சிலிண்டர் எண்ணிக்கை எல்லாவற்றையும் நாம்தான் அமைக்க வேண்டும். ஹாட் ஒயர் சென்சார் வோல்ட்டாகச் சொல்லும். கார்மன் வகை துடிப்புகளாகச் சொல்லும். இது மாறிப்போனால் மற்ற எதைத் திருத்தினாலும் பலனில்லை.

இப்போது எனக்கு அதிகக் கவலை தரும் தவறுக்கு வருகிறேன். பெரிய இன்ஜெக்டர் போட்டுவிட்டு, பெட்ரோல் அதிகமாகிறது என்று ஏர் ஃப்ளோ சிக்னலை 20 சதவீதம் குறைப்பார்கள். கலவை சரியாகிவிடும், வண்டியும் துள்ளும். ஆனால் ஈசியு அந்தச் சிக்னலை வைத்துத்தான் இன்ஜின் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்றும் கணக்கிடுகிறது. பாரம் குறைவு என்று நம்பினால் இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, முன்னே தள்ளும். உண்மையில் சிலிண்டருக்குள் காற்று நிறைய இருக்கிறது. விளைவு நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. டர்போ வண்டி என்றால் பிஸ்டனே போய்விடலாம். கலவை மீட்டர் அழகான எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும், இன்ஜின் உள்ளே அடி வாங்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஸ்கேனரில் டைமிங்கையும் நாக் திருத்தத்தையும் சேர்த்துப் பார்க்காமல் முழு ஆக்சிலரேட்டர் கொடுக்காதீர்கள். சிக்னலைக் கூட்டினால் இதற்கு நேர்மாறு: டைமிங் பின்வாங்கும், பெட்ரோல் சேர்த்தும் பிக்கப் குறையும்.

ஈசியு தானாகச் செய்யும் கலவைத் திருத்தமான ஃபியூவல் டிரிம்மைப் பார்க்காமல் வேலை செய்வது அடுத்த தவறு. சாதாரணமாக நிதானமாக ஓட்டும்போது ஈசியு ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கேட்டுக் கலவையைத் திருத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் ஐந்து சதவீதம் குறைத்தால் அது ஐந்து சதவீதம் கூட்டிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். நீண்ட கால டிரிம்மில் அது பதிந்தும் விடும். சில கார்களில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும் நேரத்திலும் அந்தப் பதிவு சேர்ந்துகொள்ளும். நேற்றுச் சரியாக இருந்த மேப் இன்று தப்பாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

டிரிம் எண்களே பாதி நோயைச் சொல்லிவிடும். ஐட்லிங்கில் மட்டும் டிரிம் மேலே ஏறி, ஆர்பிஎம் கூடியதும் இறங்கினால், ஏர் ஃப்ளோ சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று கசிகிறது என்று சந்தேகப்படுங்கள். ஐட்லிங்கில் நன்றாக இருந்து, பாரம் ஏற ஏற டிரிம் கூடினால் பம்ப், ஃபில்டர், ஃபியூவல் பிரஷர் பக்கம் போங்கள். பி0171 என்ற கோட் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) என்று மட்டும்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. அந்தக் கோடையும் அதோடு பதிவான எண்களையும் எழுதி வைப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றாதீர்கள். விளக்கு அணைந்துவிடும், கூடவே தடயமும் போய்விடும்.

மிஸ்ஸிங் அடிக்கும் வண்டியில் ஆக்சிஜன் சென்சார் சொல்வதை அப்படியே நம்பவும் கூடாது. ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதன் ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். சென்சார் "லீன்" என்று சொல்லும். பெட்ரோலைக் கூட்டினால் பிளக் நனைந்து மிஸ்ஸிங் இன்னும் மோசமாகும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் சிறு ஓட்டை இருந்தாலும் இதே பொய்தான். காரோடு வரும் சாதாரண ஆக்சிஜன் சென்சார் 0.45 வோல்ட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதை மட்டுமே காட்டும். அதை வைத்து முழு ஆக்சிலரேட்டரில் டியூன் செய்ய முயல வேண்டாம், அதற்குக் கலவையை எண்ணாகவே அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வேண்டும்.

அப்புறம், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். 6000 ஆர்பிஎம்மில் இன்ஜினின் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்கு, 20 மில்லி செகண்ட்தான் இருக்கிறது. அதில் இன்ஜெக்டர் 17 மில்லி செகண்ட் திறந்திருந்தால் 85 சதவீதம், பலரும் வைத்துக்கொள்ளும் எல்லை அது. அதற்கு மேலும் லீனாக இருந்தால் ஃபியூவல் பிரஷரை அளந்து பாருங்கள். பிரஷரும் சரி என்றால் இன்ஜெக்டர் போதவில்லை. மேப்பில் எந்த எண்ணைப் போட்டாலும் அங்கே பெட்ரோல் வராது.